நீர் போன காரம்

12 பிப்ரவரி 1999, வெள்ளி

இன்று ராத்திரி ரசாயன வகுப்பில் என் விடை தப்பு. தப்புக்குக் காரணமும் நான்தான் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை சலவைச் சோடாவை எடை போட்ட பிறகு, எங்கள் மேஜைக் குப்பிக்கு மூடி போடாமல் வந்துவிட்டேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். இன்று போய்ப் பார்த்தால் குப்பி அப்படியே திறந்து நிற்கிறது. கண்ணாடித் துண்டுகள் மாதிரி இருந்த சோடாவின் மேல் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. தூசி என்று நினைத்தேன். தூசி இத்தனை வெள்ளையாக இருக்காது என்பது அப்போது தோன்றவில்லை.

அந்த மேல்மாவையே நிறுத்து, தண்ணீரில் கரைத்து, பியூரெட் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மஞ்சளாக இருக்கும் கரைசல் ரோஜா நிறத்துக்கு மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் பத்து மில்லியில் மாறியது. எனக்குப் பதினெட்டு ஆனது. கோட்போலே மேடம் என் தாளைத் தூக்கிப் பிடித்து, "தராசைப் பார்க்கத் தெரியாதவர்கள் ஆய்வக உதவியாளராகி என்ன செய்யப் போகிறார்கள்?" என்று மராட்டியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பூஜ்யம் போட்டார்.

நான் மறுபடி இரண்டு முறை செய்து பார்த்தேன். பதினெட்டை ஒட்டியேதான் வந்தது. கை நடுங்கியிருந்தால் ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறையவும் அல்லவா வர வேண்டும்? தப்பு இவ்வளவு ஒழுங்காக வருமா?

மூடாதது என் தப்புதான். ஆனால் திறந்து கிடந்த பொருள் கெட்டால் வீரியம் குறைய வேண்டும். எப்படிக் கூடியது? புரியவில்லை.


13 பிப்ரவரி, சனி

காலையில் கோவிந்தராஜன் மாமா ஆட்டோவில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். ராஸ்தா பேட்டில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். எங்கள் அப்பளத்தில் பாதி அவருக்குத்தான் போகிறது.

எங்கள் இடம் போசரியில் ஒரு பழைய காலா. சின்னப் பட்டறைக் கூடத்துக்கு இங்கே அப்படித்தான் பெயர். அக்கம்பக்கத்துக் காலாக்களில் லேத்தும் பிரஸ்ஸும் ஓடும். எங்களுடையதில் உரலும் உலக்கையும். தர்மாம்பாள் மாமி நடத்துகிறார். உப்பையும் அப்பளக் காரத்தையும் அவர்தான் நிறுத்துத் தண்ணீரில் கொதிக்க வைப்பார், வேறு யாரையும் விட மாட்டார். நான் மாவு பிசைவேன். பவுன் அக்கா எண்ணெய் தொட்டு இடிப்பாள். பிறகு சுமன் தாயியும் சேர்ந்து எல்லோரும் அப்பளம் இடுவோம். சுமன் தாயி போசரிக்காரி. எங்களோடு உட்கார்ந்து உட்கார்ந்தே தமிழ் கற்றுக்கொண்டவள்.

மாமா செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு பொரித்த அப்பளத்தை மாமியின் முன்னால் வைத்தார்.

"இது அப்பளாமா, செங்கல்லா? நீங்களே சொல்லுங்கோ. பந்தியில போட்ட உடனே பொண்ணாத்துத் தாய்மாமன் கேக்கறார், ஓய், இந்த எண்ணெய்ல எத்தனை கல்யாணம் ஆச்சுன்னு. அன்னிக்குத்தான் புது டின் உடைச்சேன் மாமி."

அப்பளம் செக்கச்செவேலென்று இருந்தது. சுமன் தாயி ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, உடனே துப்பினாள். "சோப்பு," என்றாள்.

"காரம் ஜாஸ்தியானா சிவக்கும், எனக்குத் தெரியாதா?" என்றார் மாமி. "என் கையால தராசுல நிறுத்துப் போட்டேன். பூனா வந்த நாள்லேருந்து அதே அளவு. ஒரு குன்றிமணி கூடலை. அளவு தப்பலைன்னா வேற என்ன?"

பேசிக்கொண்டே எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"செவ்வாக்கிழமை மாவு பிசைஞ்ச அன்னிக்கு யாராவது ஆத்துக்கு தூரமா இருந்தேளா?"

மாதவிலக்கான பெண் தொட்டால் ஊறுகாய் கெடும், அப்பளம் சிவக்கும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். கோவிந்தராஜன் மாமா செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலுக்குப் போய்விட்டார்.

சுமன் தாயி சிரித்தாள். மராட்டியில் இதைக் காக்கை தொட்டது என்பார்கள். "என் காக்கா ரெண்டு வருஷம் முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சு மாமி. என்னை விடுங்க."

பவுன் அக்கா, "மாரியாத்தா சத்தியமா நான் இல்ல மாமி," என்றாள். சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

"நீ?" என்றார் மாமி என்னிடம்.

நான் இல்லை. எனக்கு நாள் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பாடு முடிந்திருக்கும். ஆனால் சுமன் தாயியும் இல்லை, நானும் இல்லை என்றால் மிச்சம் ஒருத்தி. அந்த ஒரு வார்த்தை நேராகப் பவுன் அக்கா தலையில் போய் விழும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வேறு யாரும் சம்பாதிப்பதில்லை. அதற்காக மட்டும்தான் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் சொல்ல மாட்டேன் மாமி."

"என்ன?"

"இருந்தேன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா நீதான்னு அர்த்தம்."

"நீங்க எப்படி வேணா அர்த்தம் பண்ணிக்கங்க."

மாமியின் முகம் அப்பளத்தைப் போலவே ஆனது. கட்கியில் ஒரு கல்யாணத்துக்கு வியாழக்கிழமை மாவு பிசைய வேண்டும், அதற்குள் வாயைத் திறக்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார். இனி எல்லோருக்கும் ஒரே சட்டம். மாதத்தில் மூன்று நாள் காலா பக்கம் தலை காட்டக் கூடாது. எந்த மூன்று நாள் என்று முன்கூட்டியே தன்னிடம் வந்து சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளுக்குக் கூலி கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே பவுன் அக்காவுக்கு விளங்கிவிட்டது. அவள் கை உலக்கையின் பூணைத் தடவிக்கொண்டே இருந்தது.

வாயைத் திறக்கும் வரைக்கும் நான் மாவைத் தொடக் கூடாது. வாசலில் உட்கார்ந்து காலிக் கவரில் லேபிள் ஒட்ட வேண்டும்.

ஒட்டினேன். ஒட்டும்போதெல்லாம் நான் செய்தது வீம்பா, சரியா என்று மாறி மாறித் தோன்றியது. இப்போதும் தெரியவில்லை.


14 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பவுன் அக்கா சொல்லியிருப்பாள்.

"ஒரு வார்த்தைதானடி. நீ இல்லன்னு எனக்கே தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா போதும்மா."

"மாமிக்குத் தெரிய வேண்டாமா? உன்னை வேலைய விட்டு நிறுத்தினா அப்பா அந்த வகுப்பையும் சேத்து நிறுத்திடுவாரு. நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்த்தேன். நேற்றிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மத்தியானம் வெள்ளிக்கிழமைப் பூஜ்யத்தின் காரணத்தைத் தேடிப் பாடப்புத்தகத்தை எடுத்தேன். வகுப்பில் நடத்தாத பக்கத்தில் இருந்தது. நான் மூன்று தடவை படித்தேன், ஆங்கிலம் சரியாகப் புரிந்ததா என்று.

சலவைச் சோடாக் கல் வெறும் சோடா இல்லை. ஒரு மூலக்கூறு சோடியம் கார்பனேட்டோடு பத்து மூலக்கூறு நீர் கோத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த நீரால்தான் அது கல்லாக, கண்ணாடியாக இருக்கிறது. கணக்குப் போட்டேன். கல்லின் எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, தண்ணீர். வறண்ட காற்று பட்டால் அந்தப் பத்தில் ஒன்பது வரை வெளியே போய்விடும். கல் மாவாகும். காற்று எடுத்துக்கொள்வது நீரை மட்டும்தான். சோடா அப்படியே இருக்கும். ஆகவே ஒரு கிராம் மாவில் இருக்கும் சோடா, ஒரு கிராம் கல்லில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் என் தராசு சரி. என் மாவு மூன்று நாளில் முழுக்கக் காய்ந்திருக்காது, அதனால் என் பதினெட்டும் சரி. கூட்டிக் கழித்து இன்னொரு தடவை பார்த்தேன். சரிதான்.

அதை எழுதி முடித்த கையோடு மாமியின் துணிப்பை ஞாபகம் வந்தது. பேனா நின்றுவிட்டது.

மாமி மாயவரத்துக்காரர். அங்கே காரத்தை டப்பாவில் போட்டால் வியர்த்துப் போகுமாம். அதனால் துணிப்பையில் கட்டி அடுப்புக்கு மேலே தொங்க விடுவார்கள். இங்கேயும் அப்படியே தொங்க விடுகிறார். இதுவரை ஊரிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருவார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். இந்தப் பொங்கலுக்குத்தான் யாரோ ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து அது அடுப்புச் சூட்டில் தொங்குகிறது. மாயவரத்துக் காற்று வேறு. புனேயில் பிப்ரவரி மாதம் உதடு வெடிக்கிறது. கொடியில் போட்ட புடவை திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை பையை இறக்கியபோது மாமி சந்தோஷப்பட்டார். "இந்தத் தடவை காரம் நன்னா பொடிப்பொடியா வந்திருக்கு. கரைக்கறது சுலபம்." கற்களை அடியில் தள்ளிவிட்டுப் பொடியை மட்டும் எடுத்து நிறுத்தார். அதே படிக்கல். அதே எடை.

ஆனால் அவசரப்படக் கூடாது. அப்பளக் காரமும் சலவைச் சோடாவும் ஒன்றுதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கடைக்காரர்கள் வேறு எதையாவது சேர்க்கலாம். எதைச் சேர்த்திருந்தாலும், ஒரே பையின் மேல்பொடியையும் அடிக்கல்லையும் ஒப்பிட்டால் போதும். அதைச் செய்ய வேண்டும்.


15 பிப்ரவரி, திங்கள்

மாமியிடம் ஒரு பிடி காரம் கேட்டேன்.

"எதுக்கு?"

"வகுப்புல சோதிச்சுப் பாக்கறேன். காரம்தான் மாறியிருக்குன்னு தோணுது மாமி."

"காரம் எப்படிடி மாறும்? அதுக்கு என்ன கை கால் முளைச்சிருக்கா? ராத்திரி ஸ்கூல்ல ரெண்டு பக்கம் புரட்டிட்டு வந்து என் காரத்தைச் சோதிக்கறியா? நான் உன் வயசுல ஆயிரம் அப்பளாம் இட்டாச்சு."

"ஆயிரமும் வெள்ளையாத்தானே வந்தது மாமி? அப்போ இப்ப மட்டும் ஏன்னு பாக்க வேண்டாமா?"

"ஏன்னுதான் உன்னைக் கேட்டேனே. நீ வாயைத் திறந்தியா?"

வாசலுக்கு வந்து லேபிளை ஒட்ட ஆரம்பித்தேன். இன்று என்னவோ எல்லாக் கவரிலும் கோணலாகவே ஒட்டியது.

மாமி மத்தியானம் கோவிந்தராஜன் மாமாவுக்குப் போன் பேசத் தெருமுனைக்குப் போனபோது, சுமன் தாயி ஸ்டூல் போட்டு ஏறிப் பையை இறக்கினாள். ஒரு பிளாஸ்டிக் பையில் மேல்பொடி, இன்னொன்றில் அடியில் கிடந்த கல். இரண்டையும் இறுக்க முடிந்து என் மடியில் போட்டாள்.

"தாயி, மாமி பார்த்தா?"

"பார்க்கட்டும். உன் புஸ்தகம் என்ன சொல்லுதுன்னு எனக்கும் தெரியணும், போரி. சோப்பைத் தின்னது நான்தானே?" மராட்டியில் போரி என்றால் பெண்ணே.

பவுன் அக்கா உலக்கையை நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை.


16 பிப்ரவரி, செவ்வாய்

வகுப்பில் கொடுத்த வேலையை முதலில் முடித்தேன். மற்றவர்கள் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும்போது என் இரண்டு பைகளைப் பிரித்தேன். இரண்டிலும் ஒரே எடை எடுத்தேன்.

கல்லுக்குப் பத்தரை மில்லி அமிலம் போனது. பொடிக்கு இருபத்தொன்றரை.

பொடியை மறுபடி செய்தேன். நிறம் மாறும் இடத்தைத் தாண்டி விட்டுவிட்டேன், அது வீணானது. மூன்றாவது தடவைக்குக் கை வைப்பதற்குள் கோட்போலே மேடம் வந்துவிட்டார்.

"இது என்ன உப்பு?"

"அப்பளத்துக்குப் போடுவது, மேடம்."

"பள்ளிக்கூடத்து அமிலம் உன் அப்பளத்துக்கா?"

"ஒரே பையில் இருந்த உப்பு, மேடம். கல்லாக இருப்பதற்கும் பொடியாக இருப்பதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வருகிறது. வெள்ளிக்கிழமை எனக்குப் பதினெட்டு வந்ததும் இதனால்தான். நான் எடை தப்பாகப் போடவில்லை. சோடாவிலிருந்து நீர் போயிருந்தது."

வகுப்பில் நான் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. மராட்டியில் பேசினேன். இலக்கணம் எங்கெங்கே உடைந்ததோ தெரியாது. மேடம் பியூரெட்டைப் பார்த்தார், என் தாளைப் பார்த்தார். "குப்பியை மூடாதது யார்?" என்றார். "நான்தான்," என்றேன். போய்விட்டார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் அளவுதான் கையில் இருக்கிறது. அது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வித்தியாசம் ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லையே.


17 பிப்ரவரி, புதன்

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

விடியற்காலையில் எனக்கு மாதவிலக்கு வந்தது. கொஞ்ச நேரம் பாயிலேயே உட்கார்ந்து யோசித்தேன். பிறகு குளித்துவிட்டு வழக்கமான பஸ்ஸில் போனேன்.

மாமியிடம் கல்லுக்கு எவ்வளவு, பொடிக்கு எவ்வளவு என்று சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"உன் நம்பரெல்லாம் எனக்கு வேண்டாம். இன்னிக்கு நானே பிசையறேன். அதே பொடி, அதே அளவு. ஸ்நானம் பண்ணிட்டு மடியா வந்திருக்கேன். வெள்ளையா வரதா இல்லையா பாரு. வந்தா நீ என்ன சொல்லப் போறே?"

"வந்தா நான் நாளைலேருந்து வரல மாமி. ஆனா நானும் ரெண்டு மாவு பிசையறேன். ஒண்ணு உங்க அளவு. இன்னொண்ணுல பாதிக்குக் கொஞ்சம் குறைச்சு."

முதலில் ஒரே மாவு பிசைவதாகத்தான் இருந்தேன், குறைத்த அளவில். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, கையும் மாறி அளவும் மாறினால் எதனால் வெளுத்தது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் இரண்டு.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றேன். "இன்னைக்குக் காலைல நான் வீட்டுக்கு தூரம். நீங்க கேக்கறதுக்காகச் சொல்லல. இந்தச் சோதனைக்கு இது தெரிஞ்சிருக்கணும்."

பவுன் அக்காவின் உலக்கை நின்றது. மாமி இரண்டு அடி பின்னால் போனார்.

"தைரியமா உள்ள வந்து நின்னுண்டு சொல்றே பாரு. என் பாத்திரத்தைத் தொடாதே. சொல்லிட்டேன்."

"என் பராத்தைத் தொடட்டும்," என்றாள் சுமன் தாயி. பக்கத்துச் சந்தில்தான் அவள் வீடு. பாக்ரி ரொட்டிக்கு மாவு பிசைகிற அகலத் தட்டை எடுத்துவந்து வாசல் கல்லில் டணார் என்று வைத்தாள். "வாசல் கார்ப்பரேஷனோடது மாமி. அதுக்கு மடி கிடையாது."

மாவு, உப்பு, பெருங்காயம், தண்ணீர் எல்லாம் மூன்றுக்கும் ஒன்றே. மாமி உள்ளே பிசைந்தார், நான் வாசலில். லேத் பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். "பாக்கறது இருந்தா வந்து இடிச்சுக் குடுங்கடா," என்று பவுன் அக்கா சொன்னதும் போய்விட்டார்கள். என் மாவையும் அவளே வாசலுக்கு வந்து இடித்தாள். மாமி அதைப் பார்த்தார்.

இட்ட அப்பளங்கள் கலந்துவிடாமல், என் முழு அளவு மாவுக்கு ஓரத்தில் ஒரு நகக்கீறல், குறைத்த அளவுக்கு இரண்டு கீறல் வைத்தேன். மாமியுடையதில் ஒன்றும் இல்லை. நிழலில் காய வைத்தோம். இந்தக் காற்றில் மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் பதமாகிவிட்டன.

பவுன் அக்கா எண்ணெய் வைத்தாள்.

முதலில் மாமியுடையது. எண்ணெயில் விழுந்து பொங்கியது, பொங்கும்போதே சிவந்தது. மாமி குனிந்து பார்த்தார். "தீயைக் குறை," என்றார். குறைத்து இன்னொன்று போட்டாள். அதுவும் சிவப்பு.

அடுத்து ஒரு கீறல். அதே சிவப்பு. பக்கத்தில் வைத்தால் எது மாமியுடையது, எது என்னுடையது என்று கீறலைத் தேடித்தான் சொல்ல முடியும்.

கடைசியில் இரண்டு கீறல். அது விரிந்து மேலே வந்தபோது மல்லிப்பூ நிறத்தில் இருந்தது. பவுன் அக்கா எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு இன்னும் இரண்டு பொரித்தாள். எல்லாம் வெள்ளை.

சுமன் தாயி வெள்ளை அப்பளத்தை உடைத்து மென்றாள். சத்தம் நன்றாகக் கேட்டது.

மாமி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல் விட்டு என்னவோ எண்ணினார்.

"இன்னிக்கு உனக்குன்னா... அந்தச் செவ்வாக்கிழமை நீ இல்லையே. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்டது தப்பு மாமி. தப்பான கேள்விக்குச் சரியான பதில் சொன்னா, அதுவும் தப்பாயிடும்."

அவர் பார்வை என்னை விட்டுவிட்டுப் பவுன் அக்காவின் பக்கம் போனது. எதற்குப் பயந்து சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டேனோ அது நடந்துவிட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பவுன் அக்கா ஜல்லிக்கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னை ஏன் பாக்கறீங்கன்னு தெரியுது. ஆமா. அன்னிக்கு நான்தான் தூரம்."

"மாரியாத்தா மேல சத்தியம் பண்ணினியே."

"பண்ணினேன். ஆத்தா சண்டைக்கு வந்தா நான் பேசிக்கறேன், அவளும் பொம்பளதான். நாலு வருஷமா மாசாமாசம் நான்தான் மாமி இடிச்சேன். ஒரு நாள் விலகி உக்காந்ததில்ல. நாலு வருஷமும் வெள்ளையாத்தான வந்துச்சு? கல்யாணம், சீமந்தம், உங்க வீட்டு ஆவணி அவிட்டம் எல்லாத்துக்கும் அந்த அப்பளத்தைத்தான பொரிச்சீங்க?"

மாமி பலகையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாருமா சேந்துண்டு என்னை முட்டாளாக்கியிருக்கேள்."

"இல்ல மாமி," என்றேன். "உங்க அளவு தப்பே இல்ல. காரத்துலேருந்து தண்ணி போயிடுச்சு. அது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்கும் தெரியாது."

மாமி நிமிர்ந்தார். குரல் பழையபடி ஆகியிருந்தது. "காரம் விஷயம் சரி. ஒத்துக்கறேன். அதுக்காக ஆசாரம் பொய்யாயிடாது. நீ மூணு நாள் கழிச்சு வா."

"நாளைக்கு வருவேன் மாமி. மாவும் பிசைவேன். கூடாதுன்னா நாளைக்கு மட்டும் இல்ல, எப்பவுமே வரல."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அப்பாவும் வகுப்பும் ஞாபகம் வந்தது. வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

"அவ வரலன்னா நானும் வரல," என்றாள் பவுன் அக்கா.

"எனக்கு மூணு நாள் லீவு வேணும் மாமி," என்றாள் சுமன் தாயி. "ரிட்டயர் ஆனவங்களுக்குப் பென்ஷன் மாதிரி."

பவுன் அக்கா சிரித்துவிட்டாள். மாமி சிரிக்கவில்லை. எழுந்து தன் அப்பளப் பலகையையும் குழவியையும் எடுத்துக் கழுவினார். சாமி படத்துக்குக் கீழே இருந்த மூலையில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார்.

"இது ரெண்டும் என்னோடது. இதை யாரும் தொடப்படாது. மத்ததெல்லாம் உங்க பாடு."

வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நாளைக்குக் காரம் யார் நிறுக்கறா?"

"நான்."

"நிறுத்துட்டு என்கிட்ட காட்டு."

"காட்டறேன். ஆனா அந்தக் கேள்விய இனிமே யாரையும் கேக்கக் கூடாது மாமி."

"எந்தக் கேள்வியை?"

"உங்களுக்குத் தெரியும்."

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு பவுன் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த வெள்ளை அப்பளத்தை இரண்டாக உடைத்துப் பாதியை என் கையில் வைத்தாள். "நீ சொல்லாம இருந்தது எனக்காகத்தான்னு தெரியும்," என்றாள். முழுக்க அப்படி இல்லை என்று சொல்ல நினைத்தேன். அப்பளம் வாயில் இருந்தது.

இப்போது எழுதும்போது ஒரு சந்தேகம் இருக்கிறது. நான் பார்த்தது ஒரு கைப்பிடி மாவில். பத்துக் கிலோவில் வேறு மாதிரி நடந்தால் மாமி சொன்னதே உண்மை என்று ஆகிவிடும். அந்தப் பயத்துக்காக வீட்டில் உட்கார மாட்டேன்.

நாளை வியாழன், கட்கி கல்யாண ஆர்டர். மாமி வருவதற்கு முன்னால் காலாவைத் திறக்க வேண்டும். காரப் பொடியைப் பழைய எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறுத்து, முதலில் ஓர் உருண்டை மாவில் போட்டு, இட்டுப் பொரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாக வந்தால் மொத்தத்துக்கும் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும். பவுன் அக்கா இடிப்பாள். எனக்கு இரண்டாம் நாள். பத்துக் கிலோ மாவையும் நான் பிசைய வேண்டும்.